பின்வாசல் சாவி யாரிடம்? முதன்முறையாக மாநாடு நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி அரங்கில் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தினோம். முதல் நாள் சிறப்பு விருந்தினரின் உரை நீண்டுகொண்டே போனது. மணி இரண்டைத் தாண்டியும் பந்தி போடவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அப்படியே பக்கத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உடனே 108-க்குப் போன் போட்டோம். ஆம்புலன்ஸும் சீக்கிரமே வந்தது. ஆனால் முன்கேட்டை விருந்தினர்களின் கார்கள் அடைத்து நின்றன. பின்வாசல் வழியாக வரச் சொன்னோம். அங்கே கைக்குள் அடங்காத ஒரு பூட்டு தொங்கியது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

நல்லவேளை, பெரியவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மாலையே திரும்பி வந்து கடைசி அமர்வில் கேள்வியும் கேட்டார். எங்களிடம் பதினான்கு பக்கத்தில் ஓர் அவசரகாலத் திட்டம் இருந்தது. நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்றுகூட அதில் எழுதியிருந்தோம். பூட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்கு உதவப் போனாலும், ஆபத்துகளைப் பட்டியல் போடும் முன் ஆட்களைப் பட்டியல் போடுகிறேன். சாவி யாரிடம், மைக் யார் கையில், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும், கேட்டில் யார் நிற்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வதெல்லாம் கல்லூரி அரங்கிலோ கல்யாண மண்டபத்திலோ 200 முதல் 500 பேர்வரை கூடும் நிகழ்ச்சிக்கு. திறந்தவெளியில் ஆயிரக்கணக்கில் கூட்டுவது வேறு கணக்கு. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்ததைப் பார்த்தோமே. அந்த அளவுக் கூட்டத்துக்கு இந்தக் கட்டுரையை நம்பி இறங்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சுற்று

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது எல்லோரும் மேடையையும் ஏசியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் கதவுகளைப் பாருங்கள். வேறொரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது. காலியான மண்டபம் பொய் சொல்லும். கூட்டம் இருக்கும்போதுதான் எந்தக் கதவின் முன்னால் வாழைமரம் கட்டுகிறார்கள், எந்தப் படிக்கட்டில் பாத்திரங்களை அடுக்குகிறார்கள் என்பது தெரியும்.

ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளித் திறந்து பாருங்கள். “இது திறக்கும் சார்” என்று மேனேஜர் சொன்னால் போதாது, திறக்கச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவை நெருக்கும் கூட்டத்துக்கு எதிராக யாராலும் இழுக்க முடியாது. அரங்கத்தின் எந்த மூலையில் நின்றாலும் இரண்டு வெவ்வேறு வழிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே படிக்கட்டு உள்ள மாடி மண்டபம் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் மின்கசிவால் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்பு, 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்கார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது கீழே வண்டிகள் நிறுத்தும் தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில். பால்கனியில் இருந்தவர்களைக் கொன்றது மேலே ஏறிய புகை. அங்கே கூடுதல் இருக்கைகள் போட்டதில் நடைபாதை குறுகி, ஒரு பக்கத்து வழியே அடைபட்டிருந்தது.

அந்தக் கூடுதல் இருக்கை விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டால் நாம் முதலில் செய்வது என்ன? சந்தோஷமாகப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து நடைபாதையில் போடுவோம். உப்காரிலும் வழியைக் குறுக்கியது கூடுதல் இருக்கைதான். மண்டபத்துக்காரர் “600 பேர் தாராளமாக உட்காரலாம்” என்பார். நாற்காலி வரிசைகள், நடுவே இரண்டு நடைபாதைகள், கதவுகளுக்கு முன் வெற்றிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து நீங்களே எண்ணுங்கள். 430 வந்தால் 430-தான் உங்கள் கொள்ளளவு. அதற்கு மேல் வருபவர்களுக்கு வெளியே ஒரு திரை வையுங்கள், அல்லது பதிவை நிறுத்திவிடுங்கள்.

நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு ஒரு அளவுகோல்: ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேருக்கு மேல் போனால் அங்கே யாரும் தன் காலில் நிற்பதில்லை, கூட்டம்தான் அவர்களை நகர்த்துகிறது. மாநாட்டில் அந்த நெருக்கம் எங்கே வரும்? அரங்குக்குள் வராது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், பை கொடுக்கும் மேசையில், பிரபலம் ஒருவருடன் செல்பி எடுக்கும் இடத்தில் வரும். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்கப் பள்ளிக்கூட வாசலில் விடியும் முன்பே காத்திருந்தவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். எதைக் கொடுப்பதாக இருந்தாலும் வாசலை ஒட்டிக் கொடுக்காதீர்கள், ஒரே மேசையில் கொடுக்காதீர்கள். வாங்கியவர் வந்த வழியிலேயே திரும்பாமல் வேறு பக்கம் போகும்படி மேசையைப் போடுங்கள்.

ஒரே ஒரு தாள்

திட்டம் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும், கையில் கொடுப்பது ஒரு தாள்தான். முன்பக்கம் மண்டபத்தின் வரைபடம்: வாசல்கள், தீயணைப்பான்கள், மெயின் சுவிட்ச், தண்ணீர், முதலுதவி மேசை, வெளியே எல்லோரும் கூட வேண்டிய இடம். பின்பக்கம் பெயர்களும் எண்களும்.

எண்களில் 112 எல்லா அவசரத்துக்கும் பொது. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, போலீஸ் 100, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இவற்றோடு அந்தப் பகுதியின் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் இரண்டின் நேரடி எண்களையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களுக்குப் பக்கத்திலேயே மண்டபத்தின் முகவரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பதற்றத்தில் தாம் நிற்கும் இடத்தின் பெயரே பலருக்கு வராது. முகவரியையும் டிரைவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். “பைபாஸிலிருந்து வந்தால் பெட்ரோல் பங்க் தாண்டி இரண்டாவது இடது, பச்சைக் கேட்” என்று. ஒரே பெயரில் இரண்டு மண்டபங்கள் உள்ள ஊர்கள் நிறைய.

பக்கத்து மருத்துவமனைக்கு ஒரு முறை நேரில் போய்வாருங்கள். பெயர்ப் பலகையில் 24 மணி நேரம் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மருத்துவர் இருப்பாரா, மாரடைப்பு வந்தால் அங்கேயே பார்ப்பார்களா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா என்று கேட்டு வாருங்கள். அனுப்புவார்கள் என்றால் அந்த வேறு இடத்தின் பெயர்தான் தாளில் இருக்க வேண்டும்.

போலீஸ் அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி, மண்டபத்தின் தீயணைப்புத் துறைச் சான்று இவை உங்களுக்கே தெரிந்திருக்கும். சான்றைக் கேட்கும்போது அதன் தேதியையும் பாருங்கள்.

யார் யார்

குறைந்தது நான்கு பேர் வேண்டும். முடிவெடுப்பவர் ஒருவர், மைக்கில் பேசுபவர் ஒருவர், வாசல்களுக்கும் சாவிகளுக்கும் பொறுப்பானவர் ஒருவர், மருத்துவ உதவிக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள். சாப்பிடப் போவார்கள், பாத்ரூம் போவார்கள், மனுஷர்கள்தானே.

முடிவெடுப்பவராக மாநாட்டுச் செயலாளரைப் போடாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அவர் அந்த நேரத்தில் யாருக்காவது பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார், அல்லது விருந்தினரை அழைத்துவர ரயில்வே ஸ்டேஷனில் இருப்பார். அன்றைக்கு வேறு வேலையே இல்லாத, சத்தம் போடாத, ஆனால் சொன்னால் மற்றவர்கள் கேட்கிற ஓர் ஆள் வேண்டும். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று குழுக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தயங்குவார்.

வாட்ஸ்அப் குழு தொடங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பல அரங்குகளுக்குள் சிக்னலே கிடைக்காது. மேடைக்குப் பின்னால், சமையல்கட்டில், தரைக்கீழ்த் தளத்தில் எல்லாம் போன் எடுக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எடுக்காத இடத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒரு கல்லூரிப் பையனோ பெண்ணோ வேண்டும்.

ஒயர், அடுப்பு, குத்துவிளக்கு

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் புரொஜெக்டர், மூன்று லேப்டாப் சார்ஜர், டீ சூடாக்கும் கெட்டில், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன். இப்படி ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சூடாக்கும் கருவிகளுக்குச் சுவரிலுள்ள தனி பிளக்தான். நடைபாதையில் போகும் ஒயரை டேப் போட்டு ஒட்டுங்கள். அவசரத்தில் வெளியேறுபவர்களுக்கு முதல் எதிரி அது. ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், அதன் புகை உள்ளே வந்தால் ஆளைக் கொல்லும். ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் நிகழ்ச்சி முடியும்வரை அங்கேயே இருப்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

மேடையில் குத்துவிளக்கு ஏற்றும் இடத்தைப் பாருங்கள். பின்னால் பிளக்ஸ் பேனர், பக்கத்தில் துணித் தொங்கல், சுற்றிப் பட்டுப் புடவைகள், மேலே மின்விசிறி. விளக்கை மேடை முன்பக்கம் கொண்டுவந்து, ஏற்றும் வரை விசிறியை நிறுத்தி, ஓர் ஆளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். எல்லோரும் இறங்கியதும் அணைத்துவிடலாம், “அணைப்பது அபசகுனம்” என்று யாராவது சொன்னால் விளக்கை ஓரமாக நகர்த்தி வைத்துக் காவலுக்கு அவரையே நிறுத்துங்கள்.

சமையல்கட்டில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், உபயோகத்தில் இல்லாதவை வெளியே இருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. காஸை அடைத்துவிட்டுப் பெரிய தட்டால் மூட வேண்டும். சமையல்காரருக்கு இது தெரியும், பரிமாற வரும் பையன்களுக்குத் தெரியாது.

தீயணைப்பானில் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா, மறுநிரப்புத் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். பயன்படுத்துவது எளிது: பின்னைப் பிடுங்கு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டு, கைப்பிடியை அழுத்து, இட வலமாக வீசு. சிறியவை சில நொடிகளில் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவுத் தீக்குத்தான் அது. அதற்கு மேல் என்றால் ஆட்களை வெளியேற்றுவதுதான் வேலை.

உடம்பு விஷயம்

தீயைவிட உங்களுக்கு அதிகம் வரப்போவது மயக்கம், வாந்தி, சுளுக்கு, நெஞ்சுவலி. பதிவுப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணைக் கேளுங்கள். ரத்தப் பிரிவு கேட்பதில் பெரிய பலன் இல்லை, மருத்துவமனையில் எப்படியும் அவர்களே சோதித்துத்தான் ஏற்றுவார்கள். மருந்து எடுப்பவர்கள், நடக்கச் சிரமப்படுபவர்கள் விரும்பினால் குறிப்பிட ஓர் இடம் விடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நம் கூட்டங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை உண்டோ என்று தோன்றும். காலையில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தவர்கள் இரண்டரை மணிவரை காத்திருக்க முடியாது. உரை முடியாவிட்டாலும் ஒன்றேகால் மணிக்குப் பந்தி. பதிவு மேசையில் எப்போதும் குளுக்கோஸ், பிஸ்கட், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இருக்கட்டும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தன்னார்வலர்கள் யாருக்கும் தாங்களாக மாத்திரை கொடுக்கக் கூடாது, தலைவலி மாத்திரையாக இருந்தாலும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க யாராவது ஓடி வருவார்கள். வேண்டாம். பக்கத்திலுள்ள நாற்காலிகளை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சுடுதண்ணீரோ குழம்போ கொட்டிவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். பேஸ்ட் தடவக் கூடாது.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் அது இதயம் நின்ற நிலை. ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். படித்து வருகிற வித்தை இல்லை இது. மாநாட்டுக்கு முன் மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை அழைத்து, பத்துப் பேராவது பொம்மையில் அழுத்திப் பழகிவிடுங்கள்.

உணவில், சமைத்து நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைப் பரிமாறாதீர்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் இரண்டிலும் கூடுதல் கவனம். ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து மறுநாள்வரை பிரிட்ஜில் வையுங்கள். நாலைந்து பேருக்கு வயிறு கெட்டால் காரணம் தேட அதுதான் சாட்சி. வெயிலில் வரிசை நிற்க வேண்டியிருந்தால் நிழலும் தண்ணீரும் வரிசையின் தொடக்கத்தில் இருந்தால் பயனில்லை, நடுவிலும் கடைசியிலும் வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தது வெயில் தாழ்ந்த மாதம் என்று நாம் நினைக்கும் அக்டோபரில்தான்.

மழை

அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. நம் மாநாடுகள் பலவும் டிசம்பரில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. வெளியூர்ப் பேச்சாளர் வராமல் போகலாம், வந்தவர் திரும்ப முடியாமலும் போகலாம். இரண்டாவதற்குத்தான் யாரும் தயாராக இருப்பதில்லை. கூடுதலாக ஓர் இரவு தங்க வைக்க அறைகள் எங்கே என்று விசாரித்து வையுங்கள்.

கல்லூரி அரங்கு என்றால் இன்னொரு சிக்கல். ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் அரங்கையும் பூட்டிவிடுவார்கள். அந்த அறிவிப்பு சில சமயம் விடிகாலையில்தான் வரும். அதனால் உங்கள் முடிவுக்கு நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். வானிலை மையம் உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால், முந்தின நாள் பகல் 12 மணிக்குள் தள்ளிவைப்பு. ரயில் ஏறும் முன் ஆட்களுக்குத் தெரிய வேண்டும். தள்ளிவைத்தால் மண்டப வாடகை, சாப்பாட்டு அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அந்த முடிவை எடுக்க மனசு வரும்.

முந்தின நாள் மாலை

இருபது நிமிடம் போதும். எல்லாத் தன்னார்வலர்களும் மேடையிலிருந்து ஒவ்வொரு வாசல் வழியாகவும் வெளியே நடந்து, கூடும் இடம்வரை போய்வர வேண்டும். அந்த இடம் வண்டிகள் வரும் பாதையில் இருக்கக் கூடாது, தீயணைப்பு வண்டிக்கு வழி வேண்டும். எல்லாப் பூட்டுகளையும் திறந்து பாருங்கள். நிகழ்ச்சி நேரத்தில் எந்த வாசலும் பூட்டியிருக்கக் கூடாது. வெளியாட்கள் நுழைவார்கள் என்று மண்டபத்தார் மறுத்தால் அந்த வாசலில் ஓர் ஆளைப் போடுங்கள், சாவி அவர் கழுத்தில் தொங்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களை யார் அழைத்துப்போவது என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள். இருட்டில் படி தெரிகிறதா? மைக் செத்துவிட்டால் கடைசி வரிசைவரை யார் குரல் கேட்கும்? பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி (மெகாபோன்) ஒன்றை வாடகைக்கு எடுப்பது பெரிய செலவில்லை.

மைக்கில் என்ன சொல்வது

காலையில் வரவேற்புரைக்கு முன் அரை நிமிடம்: “நீங்கள் வந்த வாசல் தவிர உங்கள் இடப்பக்கம் ஒன்று, மேடைக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு வாசல்கள் உள்ளன. வெளியேறச் சொன்னால் பக்கத்து வாசல் வழியாகப் போய் வேப்பமரத்தடியில் நில்லுங்கள். மஞ்சள் பட்டை அணிந்தவர்கள் உதவுவார்கள்.” இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆபத்தில் மனிதர்கள் வந்த வழியையே தேடிப் போவார்கள், பக்கத்தில் வேறு கதவு இருந்தாலும்.

உண்மையிலேயே வெளியேற்ற வேண்டி வந்தால், கூட்டம் பதறும் என்று பயந்து நாம் மழுப்புவோம். “சிறிய தொழில்நுட்பக் கோளாறு” என்போம். அப்படிச் சொன்னால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள், சார்ஜரைக் கழற்றுவார்கள், நண்பரைத் தேடுவார்கள். அந்தச் சில நிமிடங்கள்தான் விலைமதிப்பற்றவை. நடந்ததை ஒரு வரியில், செய்ய வேண்டியதை ஒரு வரியில், மெதுவாகச் சொல்லுங்கள்: “சமையல் பகுதியில் புகை வருகிறது. நிகழ்ச்சியை நிறுத்துகிறோம். பைகளை விட்டுவிட்டு இடப்பக்க வாசல் வழியாக இப்போதே வெளியே நடங்கள்.” இதையே மூன்று முறை. மேடையில் இருப்பவர்கள் முதலில் எழுந்துவிட வேண்டும். மேடை உட்கார்ந்திருந்தால் அரங்கும் உட்கார்ந்திருக்கும். இந்த வாசகத்தை அச்சடித்து மைக் ஸ்டாண்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஒருவருக்கு மட்டும் உடம்பு முடியவில்லை என்றால் அறிவிப்பே வேண்டாம். இரண்டு பேர் நோயாளியிடம், ஒருவர் போனில், ஒருவர் கேட்டில் ஆம்புலன்ஸுக்குக் கை காட்ட, இன்னொருவர் சுற்றி நிற்பவர்களையும் போனைத் தூக்குபவர்களையும் நகர்த்த. குடும்பத்துக்கு ஒரே ஆள்தான் பேச வேண்டும். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் அவர்கள் வரும் வழியில் இன்னொரு விபத்து நேரும்.

முடிந்த பிறகு

அன்று இரவே, சோர்வாக இருந்தாலும், தாளின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்: எந்த வாசலில் நெரிசல், ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்த நம்பர் எடுக்கவில்லை. முதலுதவிப் பெட்டியில் தீர்ந்ததை வாங்கி வையுங்கள். பதிவுப் படிவங்களிலுள்ள உடல்நலக் குறிப்புகளைக் கிழித்துப் போடுங்கள், அவை வேறு யார் கைக்கும் போகக் கூடாது. தாளை அடுத்த ஆண்டுக் குழுவிடம் கொடுங்கள். சாவிகளை எண்ணி, வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். எங்கள் கருத்தரங்கில் வாட்ச்மேனை டீக்கடையில் தேடிப் பிடித்த பையன், இப்போது நாங்கள் நடத்தும் எல்லா நிகழ்ச்சிக்கும் வாசல் பொறுப்பாளர்.